பத்தாயத்துக்குள் ஒரு தீபாவளி

தீபாவளிக்கு என்ன புடவை வாங்கினாய், என்ன பட்சணம் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல நான் எப்போதும் தயார். "அத்தை வீட்டுப் பூனை என்ன ஆயிற்று?" என்று மட்டும் சென்ற ஒரு வருஷமாக யாராவது கேட்டால், சட்டென்று பேச்சை மாற்றிவிடுவேன். இந்த வருஷத்துத் தீபாவளி கழிந்த பிறகுதான் அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.

என் அத்தையின் வீடு தஞ்சாவூரில், மேல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை, கிணறு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் வீடு. அதில் இப்போது குடியிருப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அத்தை; வயது எழுபத்தாறு. பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து போய்விட்டார்கள். இன்னொருத்தி பூனை.

அத்தை வீட்டில் பூனை இல்லாத நாளே கிடையாது. அது செல்லத்துக்காக வளர்த்த பூனையும் அல்ல, உத்தியோகப் பூனை. இரண்டாம் கட்டில் ஒரு பத்தாயம் இருக்கிறது. பத்தாயம் என்றால் சென்னையில் பிறந்த குழந்தைகளுக்கு என்ன தெரியும்? கனமான பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய நெல் பெட்டி அது. மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் ஒரு சின்னக் கதவு. அதைத் தூக்கினால் வேண்டிய மட்டும் நெல் சரிந்து வரும். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் அது நிறையும். ஐப்பசியில் ஏறக்குறையக் காலியாகிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான், குறுவை அறுத்த வயல்களில் மழைத் தண்ணீர் நின்றவுடன், எலிப் பட்டாளம் வீடுகளை நோக்கிப் படையெடுக்கும். வயலில் எலி பிடிக்க மூங்கிலை வில்லாய் வளைத்துக் கட்டுகிறார்களே, அந்தப் பொறிக்குத் 'தஞ்சாவூர்க் கிட்டி' என்றே பெயர். வயலுக்குக் கிட்டி, வீட்டுக்குப் பூனை. இது எங்கள் ஜில்லாவின் சட்டம்.

நிலமெல்லாம் போய்விட்டது. பத்தாயத்தில் நெல் கொட்டியும் எத்தனையோ வருஷம் ஆயிற்று. பழைய சாமான் வியாபாரிகள் வந்து, "பாட்டி, நல்ல விலை தருகிறோம்" என்று கேட்டுப் பார்த்துவிட்டார்கள். அத்தை மசியவில்லை. பத்தாயமும் இருக்கிறது; அதற்குக் காவல் உத்தியோகமும் பரம்பரையாக நடந்துகொண்டிருந்தது.

சென்ற வருஷம் அந்த உத்தியோகத்தில் இருந்தவள் பங்கஜம். வெள்ளை உடம்பு, வாலிலும் முதுகிலும் கறுப்புத் திட்டு. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் அவள் பத்தாயத்துக்குள் மூன்று குட்டிகள் போட்டிருந்தாள். அடிக் கதவு எப்போதும் தூக்கியபடியே இருக்கும். அதன் வழியே உள்ளே போவாள், வருவாள். நாங்கள் உழவன் எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே அத்தை அதைத்தான் சொன்னாள். "குழந்தை பெற்றவள் உள்ளே இருக்கிறாள், இரண்டாம் கட்டில் ஆட்டம் போடாதே" என்று என் பையனிடம். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணி. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயிற்று. லேகியம் தின்றாயிற்று. வாசலில் ஒரே மழைச் சேறு; சரம் வைத்தால் திரி நமுத்துப் போகிறது. பையன் முகம் வாடிவிட்டது. "கொல்லையில் கிணற்றடி மேடை காய்ந்திருக்கிறதே, அங்கே வைத்துக் கொளுத்தேன்" என்று சொன்னவள் நான்தான். வேறு யாரும் அல்ல. கிணற்றடியில் ஓர் அணுகுண்டு வெடித்தான். இரண்டாவதும் வெடித்தான்.

அந்த வேளையில் பங்கஜம் தினமும் கொல்லைப் பக்கம் போவது வழக்கமாம். அவளுக்கும் அவளுடைய குட்டிகளுக்கும் நடுவில் நாங்கள் வெடியோடு நின்றுகொண்டிருந்தோம். இரண்டாவது வெடியின் வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று துளசி மாடத்தைத் தாண்டி மதில்மேல் பாய்ந்ததை நான் பார்த்தேன். "பூனை பயந்துவிட்டது, பாரேன்!" என்று சிரித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அவள் திரும்பி வரவில்லை.

பிற்பகலில் பத்தாயத்துக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. தேட ஆரம்பித்தோம். எப்படித் தேடினோம் என்கிறீர்கள்? நானும் என் வீட்டுக்காரரும் பையனும் மூன்று திசையில் போய், "பங்கஜம், பங்கஜம்" என்று தெருத் தெருவாகக் கூவினோம். பெரிய கோயில் அகழிவரை போய்வந்தோம். வழியில் கேட்டவர்களிடம், "வெள்ளைப் பூனை, வாலில் கறுப்பு" என்று அடையாளம் சொன்னோம். தஞ்சாவூரில் பாதிப் பூனைக்கு அந்த அடையாளம் பொருந்தும். ஒரு புகைப்படம் இருந்ததா? கிடையாது. என் கைப்பேசியில் ஜவுளிக் கடையில் எடுத்த புடவைப் படங்களே நாற்பது இருந்தன.

காணாமற்போன பூனைகளைத் தேடிப் பழகியவர்கள் சொல்வதைப் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பயந்து ஓடும் பூனை பெரும்பாலும் வெகு தூரம் போவதில்லை. நாலைந்து வீட்டுக்குள்ளேயே, ஒரு பரணிலோ விறகுக் குவியலுக்கு அடியிலோ போய் ஒடுங்கிவிடும். வளர்த்தவளே வந்து கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. அதனால் பகலில் கூச்சல் போட்டுத் தேடக் கூடாது. ஊர் அடங்கின பிறகு, ஒரு டார்ச் விளக்கோடு ஓசைப்படாமல் பக்கத்துக் கொல்லைகளில் பார்க்க வேண்டும். இருட்டில் அதன் கண் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். நாங்கள் அகழிக்கரையில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் மூன்றாவது வீட்டுக் கூரைக்கு அடியிலேயே இருந்திருக்கலாம். அதை நினைக்காமல் இருக்க இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பழைய கம்பளித் துணியை மடித்து மடியில் போட்டுக்கொண்டு, குட்டிகளை அதில் எடுத்து வைத்தபடி, "டாக்டரைக் கூட்டி வா" என்றாள்.

கால்நடை டாக்டர் நல்ல மனிதர். தீபாவளி என்று பாராமல் வந்தார். "முதலில் சூடு, பிறகுதான் பால்" என்றார். உடம்பு சில்லிட்டுப் போன குட்டிக்குப் பால் புகட்டினால் ஜீரணமாகாதாம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். பசும்பால் உதவாது என்று அவர் சொன்னபோது நான் ஆச்சரியப்பட்டேன். பூனைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட அதிகம்; பசும்பாலில் உள்ள சர்க்கரைச் சத்து குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கிவிடும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. என் வீட்டுக்காரர் திருச்சிக்குப் போய் வாங்கி வந்தார். விலையைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, குட்டியைக் குப்புறப் படுக்க வைத்தபடியே புகட்ட வேண்டும். நம் குழந்தையைப்போல் மல்லாத்திப் போட்டுப் புகட்டினால் பால் மூச்சுக் குழாயில் போய்விடும். பிறகு ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிட்டால்தான் அந்த வயதில் அதற்கு மூத்திரமே பிரியும். இதெல்லாம் ஒரு தாய்ப்பூனை யாரிடமும் பாடம் கேட்காமல் செய்கிற காரியம். நாங்கள் மூன்று பெரியவர்கள், கடிகாரத்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தையும் வைத்துக்கொண்டு தடுமாறினோம்.

ஆபீசுக்குத் தந்திருந்த இரண்டு நாள் லீவு எட்டு நாளாக நீண்டது. மூன்றாம் நாள் ஒரு குட்டி போயிற்று. ஐந்தாம் நாள் இன்னொன்று. பையனே கொல்லையில் பவழமல்லி மரத்தடியில் குழி தோண்டினான். ஏழாம் நாள் காலை மூன்றாவது குட்டிக்கு ஒரு கண் மட்டும் கீற்றாகத் திறந்தது. அத்தை அதற்கு மங்களம் என்று பேர் வைத்தாள்.

அந்த மங்களத்துக்கு இந்த வருஷம்தான் முதல் தீபாவளி.

ஆவணி மாதமே அத்தை எனக்குப் போன் செய்தாள். "ஏண்டி, நீ பத்திரிகைக்காரிதானே? நாலு பேரிடம் கேட்டு, என்ன செய்யணும்னு தெரிஞ்சுண்டு வா. சும்மா கையை வீசிண்டு வராதே." அவள் அதைவிடக் கடுமையாக என்னிடம் பேசினதே இல்லை.

கேட்டேன், படித்தேன். சரஸ்வதி மகால் நூல் நிலையத்தில் யானைக்கும் குதிரைக்கும் சாஸ்திரம் உண்டு; பூனைக்கு ஏதும் என் கண்ணில் படவில்லை. ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிற ஜில்லா எங்களுடையது. ஆனால் மாட்டைப் பற்றிக் கேட்டால் ஊரே கூடிப் பதில் சொல்லும், பூனையைப் பற்றிக் கேட்டால், "அது எங்கே போகப் போகிறது? தானே வரும்" என்பார்கள். நாய் பயந்தால் ஊளையிடும், நடுங்கும், நம் காலைச் சுற்றும். அதைப் பார்த்து நமக்கும் இரக்கம் வரும். பூனை பயந்தால் சத்தமே போடாது. ஒரு மூலையில் உடம்பைக் குறுக்கி, கண்ணின் பாப்பாவை அகல விரித்து, காதைத் தட்டையாக மடித்துக்கொண்டு கிடக்கும். சில சமயம் பயத்திலேயே 'குர் குர்' என்றுகூட ஓசை எழுப்பும். நாம் சந்தோஷமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

மனிதர் காது விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். பூனையின் காது அறுபதாயிரத்துக்கும் மேல் போகிறது. எலிக் குஞ்சு பொந்துக்குள் கீச்சிடுவது நமக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும். அதனால்தான் பத்தாயத்துக்குக் காவல் வைத்தோம். அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் அணுகுண்டையும் வைக்கிறோம். நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் வெடி கூடாது என்று நம் தேசத்துச் சட்டம் சொல்கிறது. அந்த 125 என்பதே மனிதர் காதுக்கு வலி எடுக்கிற எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது 'பச்சைப் பட்டாசு' என்று வருகிறதே, அதை வாங்கிவிட்டால் பாபமில்லை என்று நானும் நினைத்தேன். புகையைக் குறைப்பதுதான் அதன் முக்கியமான குணம். வெடித்தால் அதுவும் வெடிதான்.

நேரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை இரண்டே மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று உத்தரவு போட்டது. நாம்தான் விடியலில் கொண்டாடுகிறவர்கள் ஆயிற்றே? அதைச் சொல்லி மனுப் போட்ட பிறகு, நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் இரண்டு மணிக்கு மேல் போகக் கூடாது என்று கோர்ட் இடம் கொடுத்தது. அந்த வருஷம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நம் சர்க்கார் நிர்ணயம் செய்தது. எங்கள் சந்தில் உள்ள கடிகாரங்கள் மட்டும் வேறு ஏதோ தேசத்து நேரம் காட்டுகின்றன போலிருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே அவஸ்தை உண்டாம். 1605-ல் பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி முறிந்ததைக் கொண்டாட, வருஷந்தோறும் நவம்பர் 5-ஆம் தேதி வாணவேடிக்கை விடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அதற்கு முன்னால் அங்கத்திய மிருக வைத்தியர்கள் பூனை வளர்க்கிறவர்களுக்குச் சொல்லும் புத்திமதியைப் படித்தேன். நம் டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்: முதல் வெடிக்கு முன்னால் கதவைச் சாத்து, ஒளிய ஓர் இடம் கொடு, பிறகு அதை அதன் போக்கில் விடு.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. கொல்லைக் கதவே சாத்தாத வீட்டில் வளர்ந்த பூனையை அடைத்து வைப்பது எப்படி? தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே நானும் பையனும் போய்விட்டோம். அதற்கு முந்தி அத்தையே ஒரு பயிற்சி நடத்திக்கொண்டிருந்தாள். வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பியிருந்தேன். சாப்பாடு வைக்கும்போது அதை மிக மெல்லிசாக வைத்து, சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். சத்தம் வந்தால் மீன் வரும் என்று பூனை பழகிக்கொள்ளும். அத்தைக்குக் காது சற்று மந்தம். அவளுக்கு மெல்லிசு என்பது நமக்குச் சரவெடி. எதிர்வீட்டு மாமி ஓடி வந்து, "என்ன, உங்க வீட்டுல மட்டும் புரட்டாசியிலேயே தீபாவளியா?" என்று கேட்டாளாம். மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தால்தான் இது நன்றாகப் பலிக்கும் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்குக் கால்வாசி பலித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அண்டை வீடுகள். அதிரசத் தட்டோடு நாலு வீட்டுக்கும் போய், கொல்லைப் பக்கம் மட்டும் சத்த வெடி வேண்டாம் என்று கேட்டேன். இரண்டு வீட்டில் உடனே சரி என்றார்கள். ஒருவர், "ஒரு பூனைக்காகவா?" என்று சிரித்தார். சென்ற வருஷம் என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். ஆகையால் எனக்குக் கோபம் வரவில்லை. சிவகங்கை ஜில்லாவில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று இரண்டு ஊர்கள் இருப்பதை அவருக்குச் சொன்னேன். அங்கே கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் கலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஊரார் வெகு காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-ல் அது சரணாலயமாக ஆவதற்கு முன்பிருந்தே அந்த வழக்கம் உண்டு என்கிறார்கள். "அது ஊர்க் கட்டுப்பாடு, அம்மா. இது என் பேரன்" என்றார் அவர். அந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதிரசத்தை வாங்கிக்கொண்டார்.

என் பையனை நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானாகவே மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் மட்டும் எழுதிக் கொடுத்தான். பட்டாசே கூடாது என்று பிரசங்கம் செய்ய நான் வரவில்லை. சிவகாசியில் அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. எனக்கும் கம்பி மத்தாப்பு என்றால் இன்றும் உயிர்.

மங்களத்துக்கு இடம் தேடினோம். நடுக் கூடத்தை ஒட்டிய அறையில் ஜன்னலைச் சாத்தி, திரை போட்டு, பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்கை வைத்து ஒரு வாசல் வெட்டி, என் பழைய புடவை ஒன்றை உள்ளே விரித்தேன். பூனைக்கு ஒளிய இடம் எவ்வளவு முக்கியம் என்று ஹாலந்து தேசத்தில், உத்ரெக்ட் சர்வகலாசாலையார் பரிசோதித்து 2014-ல் எழுதியிருக்கிறார்கள். புதிதாகக் காப்பகத்துக்கு வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் பெட்டி கொடுத்தார்களாம். பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரமே தேறிவிட்டன. அதையெல்லாம் அத்தையிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பெட்டிதானே? நம்ம வீட்டுலதான் இருக்கே" என்று இரண்டாம் கட்டைக் காட்டினாள்.

எனக்குப் பத்தாயம் வேண்டாம் என்று தோன்றியது. அதன் பக்கமே நான் சென்ற வருஷத்துக்குப் பிறகு போகவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை நாலு மணிக்கே மங்களத்தை உள்ளே அழைத்து வந்து, வயிறு நிறையச் சாப்பாடு போட்டுக் கொல்லைக் கதவைத் தாழிட்டோம். கதவின்மேல் பையன், 'திறக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினான். பால்காரர், வேலை செய்கிறவள், வாழ்த்துச் சொல்ல வருகிறவர்கள் எல்லோருக்கும் வாசல் கதவு ஒன்றுதான். அதையும் ஒருவர் மாற்றி ஒருவர் காவல் இருந்து திறந்தோம். கழுத்தில் ஒரு பட்டை: எங்கேயாவது சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் தினுசு, அதில் அத்தையின் போன் நம்பர். படம் எடுத்தாயிற்று, முன்னாலும் பின்னாலும். ஒரு தட்டில் மணல். காவேரி மணல் விற்கிற விலையில் அதற்கு ஒரு பூனை எவ்வளவு கொடுத்துவைத்திருக்க வேண்டும்! ரேடியோவில் நாகஸ்வரத்தை மெதுவாக வைத்தோம். இருட்டும் முன்பே வைத்தால்தான் வெளிச் சத்தம் அதோடு கலந்து மழுங்கும்.

படுக்கப் போகும்போது அத்தை தன் மாத்திரை டப்பாவை எடுத்து, "தூக்க மாத்திரையில் கால் துண்டு கொடுத்தா என்ன?" என்றாள். நல்ல வேளை, கேட்டாள். மனிதர் மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் பாரஸிட்டமால்கூட அதற்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை வாங்கிவிடும். மிகவும் பயப்படும் பூனைக்கென்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து தனியே இருக்கிறது. அதை அவர்கள் எடை பார்த்து, முன்கூட்டியே தர வேண்டும். டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு முதல் வெடி. சிரித்தாரே, அந்த வீடுதான் என்று நினைக்கிறேன். நான் பாய்ந்து எழுந்து போனேன். அறையில் பெட்டி இருக்கிறது, என் புடவை இருக்கிறது, மங்களம் இல்லை. இரவில் யாரோ அறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. என் கை காலெல்லாம் வெலவெலத்துப் போயிற்று. கொல்லைக் கதவைப் பார்த்தேன். தாழ் போட்டபடியே இருந்தது. பிறகுதான் பத்தாயத்தின் அடிக் கதவு ஞாபகம் வந்தது.

குனிந்து பார்த்தேன். இருட்டுக்குள், மூலையில், இரண்டு கண்கள். பழைய நெல்லின் வாசனை இன்னும் அந்தப் பலகையில் இருக்கிறது.

அடுத்த வெடிக்கு அவள் இன்னும் சிறுத்துப் போனாள். எனக்கு மனசு தாங்கவில்லை. கையை நீட்டி அவளைப் பற்றி இழுத்து மடியில் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். படித்ததையெல்லாம் அந்த நிமிஷத்தில் மறந்துவிட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று கோடு போட்டாள்.

"கையை எடு" என்றாள் பின்னால் வந்து நின்ற அத்தை. "அவ இடத்துல அவ இருக்கட்டும். உன் ஆறுதல் உனக்குத்தான் வேணும், அவளுக்கு வேண்டாம்."

கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்தேன். மங்களத்துக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் பிற்பாடு டாக்டரிடம் போய்க் காட்டிக்கொண்டேன். அத்தை அதற்குள் பத்தாயத்துக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, காய் நறுக்க ஆரம்பித்திருந்தாள். பூனையைக் கூப்பிடவில்லை, பார்க்கவும் இல்லை. அரிவாள்மணைச் சத்தமும், எப்போதாவது தனக்குத்தானே முணுமுணுக்கும் சுலோகமும்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன், அத்தை என்னைப் பார்த்து, "நீ முதல்ல பதறாதே. நீ பதறினா அவளும் பதறுவா" என்றாள்.

நான் கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்றே ஒன்று: பூனை வாயைத் திறந்து இளைக்கிறதா என்று. நாய் இளைப்பது சகஜம்; பூனை இளைத்தால் ஆபத்து, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். டார்ச்சைத் துணியால் மூடி, மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். இளைக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. மதியம் வெடி சற்று ஓய்ந்தபோது தண்ணீர்க் கிண்ணத்தை அடிக் கதவுக்கு அருகில் நகர்த்தி வைத்தேன். நாலைந்து வாய் நக்கிக் குடிக்கிற சத்தம் கேட்டது. அன்று நான் தின்ற பட்சணங்களில் எதுவும் அவ்வளவு ருசியாக இல்லை.

மாலை மறுபடியும் தொடங்கி, இரவு ஒன்பதரை வரை நடந்தது. கடைசி வெடிக்குப் பிறகு முக்கால் மணி நேரம் கழித்து அடிக் கதவில் முதலில் மீசை தெரிந்தது; பிறகு மூக்கு. வெளியே வந்தவள் எங்கள் ஒருவரையும் சட்டை செய்யாமல் நேரே மணல் தட்டுக்குப் போனாள். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்திருக்கிறாள், பாவம். பிறகு மீன் வைத்த தட்டுக்கு வந்தாள். பையன் கைகொட்ட வாயெடுத்து, தானே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறக்கவில்லை. முதலில் நானும் பையனும் விளக்குமாற்றோடு போய், மழையில் ஊறிக் கிடந்த வெடிக் காகிதத்தையும், வெடிக்காத குச்சிகளையும் பொறுக்கிக் கூட்டினோம். கந்தகமும் மற்ற மருந்தும் காலில் ஒட்டினால், பூனை நக்கியே சுத்தம் செய்யும்; அத்தனையும் வயிற்றுக்குள் போகும். கிணற்றடி மேடையில் சென்ற வருஷத்து அணுகுண்டு வைத்த இடத்தில் இன்னும் கறுப்பு வட்டம் இருக்கிறது. பையன் அதைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

முதல் நாள் இரவு நடந்த ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மங்களம் சாப்பிட்டுப் படுத்த பிறகு, அத்தை கொஞ்சம் மீனும் சாதமும் ஒரு கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு, வாசல் வழியாகச் சந்தைச் சுற்றிக்கொண்டு போனாள். கொல்லை மதிலின் வெளிப்பக்கத்தில் ஒரு செங்கல் விலகிய இடம் உண்டு. அங்கே வைத்தாள். நான் டார்ச் பிடித்தேன். மூன்று வீட்டுக் கூரைகளின்மேலும் விளக்கை மெதுவாக ஓட்டிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ஒன்றும் தென்படவில்லை. "சரி, வா" என்றாள்.

காலையில் போய்ப் பார்த்தபோது கிண்ணம் துடைத்தாற்போல் காலியாக இருந்தது. காக்கையாக இருக்கும் என்றேன் நான். அத்தை கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "காக்கை ராத்திரியிலே வராது" என்றாள்.